எல்லைக் கடைகளில் மலாயா அரைப்பட்டை: எடை சரி, பெயர் தப்பு

பாலக்காடு, சித்தூர், கொழிஞ்சாம்பாறை, பொள்ளாச்சி வட்டாரத்தில் பழைய வெள்ளி வாங்கி விற்கும் சிறு கடைகளைப் பற்றிய மதிப்புரை இது. எந்தக் கடையின் பெயரையும் சொல்லப்போவதில்லை. நிறையும் குறையும் ஏறக்குறைய எல்லாக் கடைகளுக்கும் பொதுவானவை. சேகரிப்பாளர்கள் இந்தக் கடைகளைத் தேடி வரக் காரணம் ஒன்றுதான். தென்கிழக்காசியாவின் அலங்கார அரைப்பட்டைகளும் அவற்றின் முகப்புத் தகடுகளும் இங்கே கொலுசு, அரைஞாண், குங்குமச்சிமிழ் எல்லாவற்றோடும் ஒரே தட்டில் கிடக்கின்றன. மலாயா ரப்பர் தோட்டங்களுக்கும், பினாங்கு, சிங்கப்பூர், ரங்கூன் கடைத்தெருக்களுக்கும் பிழைக்கப் போன தமிழ், மலையாளக் குடும்பங்கள் திரும்பி வரும்போது கொண்டுவந்தவை அவற்றில் உண்டு. பேரப்பிள்ளைகள் காலத்தில் அவை எடைக்குப் போகின்றன.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். எடையிலும், வெள்ளியின் தூய்மையைச் சொல்லும் மாற்றிலும் இந்தக் கடைகளை நம்பலாம். பொருள் எந்த ஊருடையது, எந்தக் காலத்தது என்று அவர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். பழுதுபார்ப்பு, மெருகு இரண்டையும் அவர்களிடம் ஒப்படைக்கவே வேண்டாம்.

எடை விஷயத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தராசு வாடிக்கையாளர் பக்கம் திரும்பியிருக்கும். கேட்டால் உரைகல்லில் இழைத்துக் காட்டுவார்கள். அன்றைய வெள்ளி விலையை எழுதிப் போட்டிருப்பார்கள். சந்தேகம் வந்தால் கோவை ராஜ வீதிப் பக்கம் இயந்திரத்தில் மாற்று அளக்கும், ‘டச்’ பார்க்கும் இடத்துக்கு ஆள் அனுப்பவும் தயங்குவதில்லை. தினமும் வெள்ளியை உருக்கக் கொடுத்து வாங்குபவர்களுக்கு மாற்றில் தப்பு நேர்ந்தால் நஷ்டம் அவர்கள் தலையில்தான் விழும். அதனால் அந்தக் கண் கூர்மையாக இருக்கிறது.

பெயரில்தான் சிக்கல். இடுப்போடு சம்பந்தப்பட்ட, உள்ளூர் வேலையாகத் தெரியாத எதுவும் இங்கே “மலாயா ஒட்டியாணம்” ஆகிவிடுகிறது. அந்தப் பெயரில் காட்டப்படுவனவற்றில் பாதிக்கு மேல் கடலைத் தாண்டியதே இல்லை என்பது எங்கள் கணிப்பு.

குழப்பம் எங்கே வருகிறது

முதல் குழப்பம் அரைமூடி. பெண் குழந்தைக்கு அரைஞாணில் கோத்துக் கட்டும் அரசிலை வடிவத் தகடு. மலாய்க்காரர்களிடமும் இதே பயனுக்கு, இதே போன்ற வடிவத்தில் ‘சாப்பிங்’ என்ற நகை உண்டு. இரண்டையும் கடைகளில் பெல்ட் முகப்பு என்று விற்கிறார்கள். பார்த்தவுடன் பிரித்துவிடலாம்: அரைமூடியும் சாப்பிங்கும் தொங்கும் நகைகள். மேல் விளிம்பில்தான் கயிறு நுழையும் குழலோ வளையமோ இருக்கும், பின்புறத்தில் கொக்கி இருக்காது. முகப்பு கிடைமட்டமாக நிற்கும் நகை. பிடிப்புகள் பின்புறத்தில் இடது, வலது ஓரங்களில் இருக்கும். அரைமூடியா சாப்பிங்கா என்று பிரிப்பதற்குப் பூவேலையைப் பார்க்க வேண்டும். அதைப் பிறகு சொல்கிறோம்.

இரண்டாவது, டவாலி வில்லை. கலெக்டர் ஆபீஸ், கோர்ட்டு, சமஸ்தான ஆபீஸ் சேவகர்கள் தோளிலிருந்து குறுக்காகப் போட்ட பட்டையில் அணிந்த நீள்வட்டப் பித்தளைத் தகடு. எழுத்து தேய்ந்துபோனால் மலாய் முகப்பு போலவே தெரியும். ஆனால் அது தடிமனான ஒற்றைத் தகடு, நகாசு வேலையின் குழிவு பின்னால் தெரியாது. எழுத்து பொறித்த தடத்தைச் சாய்வான வெளிச்சத்தில் பிடித்தால் மிச்சம் தெரியும். மூன்றாவது, கேரளக் கோயில்களில் அருள்வாக்குச் சொல்லும் வெளிச்சப்பாடு இடுப்பில் கட்டும் அரமணி. பாலக்காட்டுப் பக்கம் மணிகள் உதிர்ந்த அரமணிப் பட்டைகள் நிறையவே வருகின்றன. மணி கோத்த துளைகள் வரிசையாக இருக்கும். கதகளி அணிகளின் இடுப்புத் துண்டுகளும், வடசேரி கோயில் நகை வகை ஒட்டியாணங்களும்கூட ‘சயாம் பெல்ட்’ என்ற பெயரில் காட்டப்படுவதுண்டு. சயாம் என்பது தாய்லாந்தின் பழைய பெயர்.

நம் ஒட்டியாணத்துக்கும், ஆந்திரப் பக்கத்து வட்டாணத்துக்கும், கேரளத்து வெள்ளி அரஞ்ஞாணத்துக்கும் கடல் கடந்த பட்டைகளுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் பூட்டில் இருக்கிறது. நம்மவர்கள் பெரும்பாலும் திருகுச் சுரை போடுவார்கள், அல்லது கீலில் ஆணி செருகிச் சங்கிலியால் பிணைப்பார்கள். மலாய், சீன வேலைகளில் தட்டையான கொக்கி ஒன்று துளையிலோ வளையத்திலோ போய் மாட்டும். திருகு இருந்தால் அது உள்ளூர் வேலை, அல்லது உள்ளூரில் பூட்டு மாற்றியது. இரண்டாவது வகைதான் ஆபத்தானது. நல்ல மலாக்காப் பட்டையில் பொள்ளாச்சிப் பத்தர் ஒருவர் திருகு வைத்துக் கொடுத்திருப்பார், மூலக் கொக்கி பழைய வெள்ளியோடு உருகிப் போயிருக்கும்.

பின்புறத்திலிருந்து தொடங்குங்கள்

கடைக்காரர் முகப்பை மேலே வைத்துத்தான் நீட்டுவார். வாங்கியதும் திருப்புங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் லூப், 0.01 கிராம் துல்லியமுள்ள 500 கிராம் தராசு, சிறு காந்தம், தையல் டேப், கைபேசி விளக்கு. இவ்வளவு போதும்.

முகப்புகளில் பெரும்பாலானவை மெல்லிய தகட்டை அரக்கில் பதித்து உளியால் புடைத்தெழச் செய்தவை. பின்புறம் மூடப்படாமல் இருந்தால் முன்புறப் பூவின் ஒவ்வொரு மேடும் பின்னால் பள்ளமாகத் தெரிய வேண்டும். உளி பட்ட சிறு தடங்கள் சீரில்லாமல் இருக்கும். பின்புறம் சமதளத் தகடாக மூடியிருந்தால் விளிம்பைச் சுற்றிப் பற்றவைத்த கோட்டைத் தேடுங்கள். உள்ளே வெறுமையா, அரக்கு அடைத்ததா என்று விரல் நகத்தால் தட்டினால் தெரியும். வெறுமையானது கணீரென்று ஒலிக்கும், அரக்குள்ளது மந்தமாக ஒலிக்கும்.

அடுத்து கொக்கி. பல ஆண்டுகள் அணிந்த பட்டையில் கொக்கியின் உள்வளைவு தேய்ந்து பளபளக்கும். அது மாட்டும் துளை ஒரு பக்கமாக இழுபட்டு நீண்டிருக்கும். முகப்பு நன்றாகத் தேய்ந்திருந்தும் கொக்கியும் துளையும் கூர்மையாக இருந்தால் பூட்டு மாற்றப்பட்டிருக்கிறது, அல்லது முகப்பின் தேய்மானம் செயற்கை. பட்டையின் கண்ணிகளையும் இப்படியே பாருங்கள். கண்ணியின் உள்பக்கம், இழுவிசை விழும் இடம் மெலிந்திருக்க வேண்டும். வெளிப்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் யாரோ மெருகேற்றும் பஃப் சக்கரத்தில் காட்டியிருக்கிறார்கள்.

முகப்பும் பட்டையும் ஒரு ஜோடிதானா என்பதையும் இங்கேயே முடிவு செய்துவிடலாம். பின்புறப் பிடிப்பின் உள் அகலத்தையும் பட்டையின் அகலத்தையும் அளந்து பாருங்கள். சில மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் சந்தேகம் வர வேண்டும். பிடிப்பின் உள்சுவரில் பட்டையின் விளிம்பு உரசிய கோடு பட்டையின் தடிமனுக்குப் பொருந்தினால் ஜோடி பழையது. பொருந்தாத ஜோடியை வாங்கக் கூடாது என்றில்லை. இரண்டு பொருளாக நினைத்து விலை பேசினால் சரி.

எந்தக் கரையிலிருந்து வந்தது

மலாய் முகப்பை அங்கே ‘பெண்டிங்’ என்பார்கள். ஆணும் பெண்ணும் அணிந்தார்கள். துணிப் பட்டையிலோ உலோகப் பட்டையிலோ கோக்கப்பட்டது. இரு முனைகளும் கூர்ந்த, கண் போன்ற நீள்வடிவம்தான் பொதுவானது. உள்ளங்கையில் அடங்குவது முதல் ஒரு சாணுக்கு மேல் அகலமுள்ளது வரை உண்டு. வெள்ளி, வெள்ளியின் மேல் தங்க முலாம், பித்தளை, தங்கமும் செம்பும் கலந்த ‘சுவாசா’ எல்லாவற்றிலும் செய்திருக்கிறார்கள். இஸ்லாமிய மரபு காரணமாக விலங்கோ மனித உருவோ பொதுவாக இருக்காது. தாமரை, மூங்கில் குருத்து போன்ற முக்கோண வரிசை, ‘அவான் லாராட்’ என்று சொல்லும் படரும் கொடி, ‘புங்கா தஞ்சோங்’ ஆகியவை இருக்கும். இந்த ‘புங்கா தஞ்சோங்’ நம் மகிழம்பூதான். கூரான இதழ்கள் சுற்றி நிற்கும் சிறு நட்சத்திரம் போல இருப்பதால் நம் கண்ணுக்கு உடனே பிடிபடும். சிலவற்றில் அரபு எழுத்துகளும் இருக்கும்.

சாப்பிங்கையும் அரைமூடியையும் பிரிக்க உதவுவதும் இந்தப் பூவேலைதான். நம் அரைமூடியில் புள்ளி வரிசை, மயில், அன்னம், சில வேளை தெய்வ உருவம் வரும். மலாய் சாப்பிங்கில் கொடியும் இலையும் நடுவிலிருந்து இரு புறமும் சமமாகப் படரும்.

பெரானக்கான் என்னும் மலாக்கா, பினாங்கு, சிங்கப்பூர்ச் சீனக் குடும்பங்களின் பட்டை வேறு ரகம். நோன்யா எனப்படும் இந்தக் குடும்பப் பெண்கள், இடுப்பில் சுற்றும் சாரோங் துணி நழுவாமலிருக்க அணிந்தது. அதனால் உள்பக்கம் துணி உரசி வழவழப்பாக இருக்கும். பட்டை முழுவதும் சிறு தகடுகள் வளையத்தால் கோக்கப்பட்டிருக்கும், அல்லது கம்பி பின்னலாக இருக்கும். முகப்பில் பீனிக்ஸ் பறவை, கிலின் என்ற சீனக் கற்பனை விலங்கு, பியோனிப் பூ, வௌவால், பட்டாம்பூச்சி, மான், மீன், நண்டு எல்லாம் நெருக்கமாக அடைந்து கிடக்கும். வெற்றிடமே விடாத அந்த நெருக்கம்தான் முதல் அடையாளம். பின்னால் சிறிய சீன எழுத்து முத்திரை இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். முத்திரை இல்லாததைக் குறையாக நினைக்க வேண்டாம். சீனத் தட்டார்கள் மலாய் வாடிக்கையாளருக்கும் செய்தார்கள் என்பதால் சீனக் கைவேலையில் மலாய் வடிவம் வருவதும் இயல்பு. மலாக்காச் செட்டிகள், தமிழ் வேர் கொண்டவர்கள், சாரோங்கும் கெபாயா என்ற மேல்சட்டையும் உடுத்துபவர்கள். ஆகவே ஒரு தமிழ்க் குடும்பத்திலிருந்து நோன்யாப் பாணிப் பட்டை வந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இங்கே அதிகம் கிடைப்பது மலாயும் அல்ல, நோன்யாவும் அல்ல. சயாம் நியெல்லோ பட்டைகள்தான். வெள்ளி, செம்பு, ஈயம், கந்தகம் சேர்த்து உருக்கிய கரும்பொருளை வெள்ளியில் செதுக்கிய பள்ளத்தில் நிரப்பிச் செய்யும் வேலை. இதற்குப் பேர்பெற்ற ஊர் தாய்லாந்தின் நக்கோன் சி தம்மராட். ஆனால் கடைகளுக்கு வரும் பெரும்பாலானவை இருபதாம் நூற்றாண்டின் நடுவில் வெளிநாட்டார் வாங்கிப் போகச் செய்யப்பட்டவை. கறுப்புத் தளத்தில் வெள்ளி நாட்டிய உருவங்கள், பின்னால் ஆங்கிலத்தில் ‘சயாம் ஸ்டெர்லிங்’ முத்திரை. ஒளிரும் மணிக்கல்லை உயர்த்திப் பிடித்த பெண் மெக்கலா, அதாவது கடல் காக்கும் மணிமேகலா தெய்வம். கோடரியோடு துரத்துபவன் ராமசூர். நாடு 1939-இல் தாய்லாந்து என்று பெயர் மாறிய பிறகும் ஏற்றுமதி நகைகளில் சயாம் என்ற பெயர் தொடர்ந்து அடிக்கப்பட்டது. ஆகவே “சயாம்னு போட்டிருக்கு, 39-க்கு முந்தியது” என்று கடையில் சொன்னால் ஏற்க வேண்டாம். அந்த வாதத்துக்குக் கூடுதல் விலை கொடுப்பது வீண். அதே பட்டைகளில் வெள்ளை, பச்சை, நீல எனாமல் போட்டவையும் உண்டு. உண்மையான நியெல்லோ சாம்பல் கலந்த கறுப்பு, உலோக மினுக்கம் இருக்கும். கறுப்பு பெயின்ட் மந்தமாகத் தெரியும், ஓரங்களில் செதிலாக உரியும். பஞ்சில் அசிட்டோன் தொட்டு ஒரு மூலையில் துடைத்தால் பெயின்ட் கரைந்து வரும், நியெல்லோ அசையாது.

தாய்லாந்து, கம்போடியா, லாவோஸ் கல்யாணங்களில் அணியும் பொன்னிறப் பட்டைகளும் சுற்றுலா போய் வருபவர்கள் மூலம் இப்போது கடைகளுக்கு வருகின்றன. தீக்கொழுந்து போன்ற ‘கனோக்’ வடிவம் அழகாகவே இருக்கும். ஆனால் பெரும்பாலும் அச்சில் அடித்த பித்தளை. நாட்டிய உடைக்கோ வாடகைக்கோ வாங்குங்கள். சேகரிப்புக்கு வேண்டாம்.

நாணயப் பட்டைகளுக்கு ஒரு பத்தி தர வேண்டும், ஏனென்றால் காலம் கணிக்க நாணயமே கை கொடுக்கும். பட்டையில் உள்ள நாணயங்களிலேயே கடைசி ஆண்டு எதுவோ அதற்கு முன் அந்தப் பட்டை செய்யப்பட்டிருக்க முடியாது. அதற்கு எவ்வளவு பிறகு என்று நாணயம் சொல்லாது. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியான ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்ட்ஸின் டாலரில் எடையைப் பாருங்கள்: 1903, 1904 நாணயம் 26.95 கிராம், 90 சதவீதம் வெள்ளி. 1907 முதல் 1909 வரையிலானது 20.21 கிராம், அதே மாற்று. 1919, 1920 நாணயம் 16.85 கிராம், 50 சதவீதம்தான் வெள்ளி. பர்மா வழியே வந்த பட்டைகளில் பிரிட்டிஷ் இந்திய ரூபாய் இருக்கும். 11.66 கிராம், 1940-இல் குறையும் வரை 91.7 சதவீதம் வெள்ளி. தேய்மானத்தால் சிறிது குறையலாம். பற்றவைத்த வளையம் எடையைக் கூட்டும் என்பதால் கழன்று கிடக்கும் நாணயம் ஏதாவது இருந்தால் அதையே தராசில் வையுங்கள். எடை கூடுதலாக இருந்தால் அது ஈயம் நிரப்பிய வார்ப்பாக இருக்கக்கூடும். ஒரே பட்டையில் எல்லா நாணயத்திலும் ஒரே இடத்தில் ஒரே கீறல் இருந்தால் எல்லாம் ஒரே அச்சிலிருந்து வார்த்தவை.

மாற்று பார்க்கும்போது

உரைகல்லில் இழைக்கும்போது முகப்பின் முன்புறத்தைத் தொட விடாதீர்கள். பின்தகட்டின் விளிம்பில் இழைத்தால் போதும். டச் இயந்திரத்தில் வைப்பதானால் மூன்று இடத்தில் அளக்கச் சொல்லுங்கள்: தேய்ந்த பின்விளிம்பு, கொக்கி, முன்புறம். அந்த இயந்திரம் மேலோட்டமான மெல்லிய அடுக்கை மட்டும் படிக்கும். பழைய வெள்ளியைத் தட்டார் காய்ச்சி அமிலத்தில் போட்டு எடுக்கும் ஒவ்வொரு முறையும் மேற்பரப்பிலிருந்து செம்பு கரைந்து, வெள்ளி மட்டும் மிஞ்சும். ஆகவே முன்புறம் 96 காட்டிய பொருளின் உள்ளே 88 இருக்கலாம். மலாக்கா, பினாங்கு வேலைகளில் டாலர் நாணயங்களை உருக்கிச் செய்தது நிறைய, எனவே 90-ஐ ஒட்டிய மாற்று இயல்பானது. அதற்காக விலை குறைக்கலாம், போலி என்று ஒதுக்கக் கூடாது. நியெல்லோ உள்ள இடத்தில் இயந்திரத்தை வைத்தால் ஈயமும் கந்தகமும் கலந்து எண் குழம்பும். முத்திரையில் 800 என்றிருந்து இந்தோனேசியச் சாயல் தெரிந்தால் ஜோக்ஜகர்த்தா பக்கத்துக் கோத்தகெடே வேலையாக இருக்கலாம். அங்கே அந்த மாற்று வழக்கம்.

வீட்டிலேயே அடர்த்தி பார்க்கலாம். தராசில் தண்ணீர் ஊற்றிய பிளாஸ்டிக் கிண்ணத்தை, பொருள் முழுகினாலும் வழியாதபடி வைத்துப் பூஜ்யம் ஆக்குங்கள். பொருளை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக மூழ்கவிடுங்கள். பொருளின் எடையைத் தராசு இப்போது காட்டும் எண்ணால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். 148 கிராம் பட்டை 14.4 காட்டினால் 148-ஐ 14.4-ஆல் வகுக்க 10.28 வரும், 90 மாற்று வெள்ளிக்குப் பொருந்தும். 92.5 மாற்றுள்ள ஸ்டெர்லிங் 10.36. ஜெர்மன் சில்வரும் பித்தளையும் 8.4-க்கும் 8.8-க்கும் இடையில் நிற்கும். இந்த அளவைக் கெடுப்பது குமிழி. கண்ணிகளுக்குள் ஒரு மில்லிலிட்டர் காற்று தங்கிவிட்டால் அதே பட்டை 15.4 காட்டும், அடர்த்தி 9.6 ஆகிவிடும், நல்ல வெள்ளியைப் போலி என்று திருப்பிக் கொடுத்துவிடுவோம். தண்ணீரில் இரண்டு சொட்டு சோப்பு கலந்து, பட்டையை உள்ளேயே பலமுறை அசைத்து, பிறகு அளக்க வேண்டும். பின்புறம் மூடிய முகப்புக்கு இந்த முறையே உதவாது. உள்ளே காற்றோ அரக்கோ இருப்பதால் எண் பொய்யாகும்.

அரக்கு அடைத்த முகப்பு வந்தால் கடைகளில் ஒரு பழக்கம் உண்டு. நிகர எடை தெரிய வேண்டும் என்று அடுப்பில் காட்டி அரக்கை வடிப்பார்கள். அப்படிச் செய்த மறுகணமே தகடு தாங்கலில்லாமல் ஆகிவிடும், அடுத்த முறை விரல் அழுத்தினால் பூ நசுங்கும். எடைக்கு விலை பேசாமல் பொருளுக்கு மொத்த விலை பேசிவிட்டால் அடுப்புக்குப் போகும் அவசியமே வராது.

போலிகளில் கடைக்காரரைவிட வாங்குபவர்தான் ஏமாறுகிறார். கடைக்காரர் வெள்ளி விலைக்கு வாங்கி வெள்ளி விலைக்குமேல் கொஞ்சம் வைத்து விற்பவர். அவருக்கு நஷ்டமில்லை. இன்று வார்ப்பில் செய்து கறுப்பாக்கிய முகப்புகளைப் பிரிக்க எளிய வழி, பின்புறம் பள்ளம் இல்லாமல் சமமாகவும் எடை எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகவும் இருப்பது. லூப் வழியே பார்த்தால் பள்ளங்களில் ஊசிமுனைத் துளைகள் தெரியும், இலை நரம்பின் விளிம்பு மழுங்கியிருக்கும். இயற்கையாகப் படிந்த கறுப்பு ஆழத்தில் அடர்ந்தும் மேட்டில் மறைந்தும், இடையில் பழுப்பும் நீலமுமாக மாறும். மருந்து வைத்த கறுப்பு எங்கும் ஒரே நிறம், கொக்கியின் உள்ளேயும்கூட. தகடுகள் கோத்த பட்டையில் அடுத்தடுத்து நான்கு தகடுகளை ஒப்பிடுங்கள். கைவேலையானால் ஒரு பறவையின் வால் இன்னொன்றைப் போல இருக்காது. எல்லாம் ஒரே மாதிரியென்றால் அச்சு வேலை. பழைய காலத்திலும் அச்சு உண்டு என்பதால் அதை வைத்து மட்டும் தள்ளிவிடாமல் தேய்மானத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

விலை

இங்கே எடைக்கு அன்றைய விலை, மேலே “பழசு” என்று ஒரு கூடுதல் தொகை. அந்தக் கூடுதல் பொருளைப் பார்த்துப் போடுவதில்லை, வாங்குபவர் முகத்தைப் பார்த்துப் போடுவது. கையில் லூப்போடு வந்தவருக்கு அதிகம் என்பதும் உண்மை. எங்கள் கணக்கு இப்படி: சயாம் நியெல்லோ பட்டை முழுதாக, உதிராமல் இருந்தால் வெள்ளி விலையின் ஒன்றரை மடங்கு வரை தகும். நோன்யாப் பட்டை முகப்பும் மூலக் கொக்கியும் சேர்ந்து இருந்தால் மூன்று மடங்கு கேட்டாலும் யோசிக்காமல் வாங்கலாம். மலாய் முகப்பில் நல்ல உளிவேலை இருந்தால் எடையைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள். தகடு மெல்லிதாக இருப்பதால் எடைக்குப் பேசினால் வாங்குபவருக்கு லாபம்தான், ஆனால் அந்த லாப ஆசையில்தான் கடைக்காரர் அடுத்த முறை அதை உருக்கிவிடுகிறார். கொஞ்சம் கூட்டிக் கொடுத்து, “இந்த மாதிரி வந்தா உருக்காம எடுத்து வைங்கண்ணா” என்று சொல்லிவிட்டு வருவது சேகரிப்பவருக்குத்தான் நல்லது.

வருத்தமான விஷயம் ஒன்று. நீளமான பட்டை விற்காவிட்டால் தகடுகளைக் கழற்றி லாக்கெட்டாக விற்கிறார்கள். பட்டையின் நீளம் பெரியவர் இடுப்புக்குச் சற்றும் எட்டாமல் இருந்தால், இரு முனைத் தகடுகளின் பக்கத்தில் புதிதாக வெட்டிய வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். கடையிலேயே லாக்கெட் தட்டையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். விடுபட்ட தகடு அங்கே கிடக்க வாய்ப்புண்டு.

மெருகும் பழுதும்

இந்தக் கடைகளுக்கு நாங்கள் கொடுக்கும் மிகக் குறைந்த மதிப்பெண் இதற்குத்தான். விலை முடிந்ததும் அன்பாகவே “பாலிஷ் போட்டுத் தர்றேன்” என்பார்கள். பஃப் சக்கரம் ஒரே நிமிடத்தில் உளித்தடத்தை மழுக்கிவிடும். முலாம் பூசியதையோ, பொன்னைச் செந்நிறமாக்கும், மலாய்க்காரர்கள் ‘செபுஹ்’ என்று சொல்லும் முறையில் சாயமேற்றியதையோ காட்டினால் அந்த நிறம் திரும்பவே வராது. வீட்டில் புளி போட்டுத் தேய்ப்பதும், விபூதி, பற்பசை வைத்துத் துலக்குவதும் இதே கெடுதலைத்தான் மெதுவாகச் செய்கின்றன.

அழுக்கு மட்டும் போக வேண்டுமானால் பூந்திக்கொட்டைத் தண்ணீரை ஆறவைத்து, மென்மையான பிரஷ்ஷால் தொட்டு எடுங்கள். அரக்கு அடைத்ததை ஊறவைக்காதீர்கள், வெந்நீரில் காட்டவே கூடாது. கறுப்பு கண்ணை உறுத்தினால் மருந்துக் கடையில் கிடைக்கும் மென்மையான சாக் தூளை (வெற்றிலைச் சுண்ணாம்பு அல்ல) காய்ச்சி வடித்த நீரில் குழைத்து, பஞ்சால் மேடான இடத்தில் மட்டும் தடவித் துடையுங்கள், பள்ளத்துக் கறுப்பை விட்டுவிடுங்கள். நியெல்லோவுக்கு, பொருளை முக்கி எடுத்துக் கறுப்பைப் போக்கும் ‘டிப்’ மருந்து வேண்டாம்.

கொக்கி உடைந்திருந்தால் ஈயப்பற்று வைக்க ஒருபோதும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அது சீக்கிரமே விட்டுப்போகும். அடுத்து யாராவது வெள்ளிப்பொடி வைத்து ஊதும்போது மிச்ச ஈயம் வெள்ளிக்குள் அரித்துக் குழியாக்கும். ஏற்கெனவே ஈயப்பற்று இருக்கிறதா என்று பார்ப்பது எளிது: சாம்பல் நிறம், நகத்தால் அழுத்தினாலே கீறல் விழும் மென்மை. அதைச் சுரண்டி முழுவதும் எடுத்த பிறகுதான் வெள்ளிப்பற்று வைக்க வேண்டும். நியெல்லோ பட்டைக்கு எந்தப் பற்றவைப்பும் ஆகாது, கரும்பொருள் குறைந்த சூட்டிலேயே உருகி வழிந்துவிடும். மெல்லிய வெள்ளிக் கம்பியால் கட்டி வைப்பதே அதற்கு வைத்தியம். நல்ல பத்தர் கிடைத்தால், உடைந்த மூலக் கொக்கியைத் தனியாக உறையில் போட்டுத் திருப்பித் தரச் சொல்லுங்கள்.

பாலக்காட்டுக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவமழைக் காற்று ஜூன் முதல் அடித்துக்கொண்டே இருக்கும் ஊரில் சேமிப்பும் முக்கியம். ரப்பர் பேண்ட், செய்தித்தாள், கம்பளி, நகைக்கடை ஃபெல்ட் பெட்டி எல்லாம் வெள்ளியைக் கறுப்பாக்கும். அமிலமில்லாத டிஷ்யூ காகிதத்தில் சுற்றி, ஜிப் உறையில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். பட்டையை மடிக்காமல் நீளவாட்டில் சுருட்ட வேண்டும், ஒரே இடத்தில் மடிந்தால் அந்தக் கண்ணிதான் முதலில் அறும்.

பில்லும் சட்டமும்

3 சதவீத ஜிஎஸ்டியோடு பில் கேளுங்கள். வாளையார், கோவிந்தாபுரம் வழியே எல்லை தாண்டும்போது கையில் பில் இருப்பது நிம்மதி. பில்லில் “பழைய வெள்ளி” என்று மட்டும் எழுதாமல் எடை, நீளம், முத்திரை, முகப்பின் வடிவம் நான்கையும் எழுதி வாங்குங்கள். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டப்படி 100 ஆண்டுக்கு மேற்பட்ட, வரலாற்று மதிப்புள்ள பொருள் தொல்பொருள் கணக்கில் வரும். அதைத் தொழிலாக விற்க உரிமம் வேண்டும், தனியார் அதை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. இந்தக் கடைகளில் உரிமம் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் விழிக்கிறார்கள். நூறாண்டு என்று அவர்களே அடித்துச் சொல்லும் பொருளை வாங்கும்போது இதை நேராகவே கேட்டுவிடுங்கள். சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ உள்ள உறவினருக்கு அனுப்பும் எண்ணமிருந்தால், அது தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் முதலில் பெற வேண்டும்.

கடைசியாக ஒரு கோரிக்கை கடைக்காரர்களுக்கு. பொருளைக் கொண்டுவருபவரிடம் பெயரைக் கேட்க வேண்டாம், எந்த ஊரிலிருந்து, எந்தத் துறைமுகம் வழியாக, ஏறக்குறைய யார் தலைமுறையில் வந்தது என்று மட்டும் கேட்டு ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பொருளோடு கட்டி வையுங்கள். ஈப்போத் தோட்டத்திலிருந்து தாத்தா கொண்டுவந்தது என்ற ஒரு வரி இருந்தால் அதே பட்டைக்குக் கூடுதலாகக் கொடுக்க ஆள் உண்டு. வாங்குபவர்களும் அந்தச் சீட்டோடு முன்புறம், பின்புறம், கொக்கி, முத்திரை ஆகிய நான்கு படங்களை, பக்கத்தில் அளவுகோல் வைத்து எடுத்துச் சேர்த்து வையுங்கள். சிங்கப்பூரில் 2023-இல் மீண்டும் திறந்த பெரானக்கான் அருங்காட்சியகத்தின் பொருள்களோடு ஒப்பிடும்போது முதலில் கேட்கப்படுவது பின்புறப் படம்தான்.